பழைய ஸ்பெக்ட்ரோகிராஃப் வாங்கப் போகிறீர்களா? டர்பனில் நான் பட்ட பாடு

பழைய குவார்ட்ஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, டர்பனில் என் வீட்டு கராஜில் வைத்து, அது உருப்படியாக ஒரு நிறமாலையைப் படம் பிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பணம் போனது ஒரு பக்கம், கண் போகாமல் தப்பியது இன்னொரு பக்கம். விசாரிக்க ஆள் இல்லை. இந்தக் கருவியோடு வேலை செய்தவர்கள் ஓய்வு பெற்று எங்கெங்கோ போய்விட்டார்கள். வீட்டுக்காரருக்குக் கப்பல் வேலை, வருடத்தில் பாதி கடலில்தான். பிள்ளைகளையும் பள்ளி வேலையையும் பார்த்துக்கொண்டு நான் ஒருத்தியாகவே இதோடு மல்லுக்கட்டினேன். யாராவது முன்னாடியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும். அந்த நாலு வார்த்தையைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கருவியைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு பொருளை மின்பொறியிலோ சுடரிலோ எரித்தால் அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிக்கோடுகளை வெளியிடும். 1860 வாக்கில் ஜெர்மனியில் புன்சனும் கிர்ச்சாஃபும் இதை உறுதிசெய்தார்கள். சீசியம், ருபீடியம் இரண்டையும் அவர்கள் கண்டுபிடித்ததே கோடுகளை வைத்துத்தான். அந்த ஒளியை மெல்லிய பிளவு வழியாக உள்ளே விட்டு, லென்ஸ், முப்பட்டகம், மறுபடி லென்ஸ் என்று கடத்தி, கடைசியில் ஒரு ஒளிப்படத் தட்டில் (ஒளி பட்ட இடம் கருக்கும் பூச்சுள்ள கண்ணாடியில்) பதிய வைப்பதுதான் ஸ்பெக்ட்ரோகிராஃப். கண்ணாடிக்குப் பதில் குவார்ட்ஸ் ஏன் என்றால், கண்ணாடி புற ஊதாவை விழுங்கிவிடும். உலோகங்களின் முக்கியமான கோடுகள் நிறைய அங்கேதான் இருக்கின்றன. நான் எடுத்தது லண்டன் ஆடம் ஹில்கர் கம்பெனியின் மீடியம் மாடல். 200 நானோமீட்டரிலிருந்து 1000 வரை மொத்தத்தையும் 10 அங்குல நீளத் தட்டு ஒன்றில் ஒரே தடவையில் பதிந்துவிடும். அந்தக் கம்பெனி 1948-இல் ஹில்கர் அண்ட் வாட்ஸ் ஆனது. என்னுடையதில் பழைய பெயரே பொறித்திருப்பதால் அதற்கு முந்தியது என்று எடுத்துக்கொண்டேன். வயது பார்க்க இது நல்ல அடையாளம். 1928-இல் கல்கத்தாவில் ராமன் தன் விளைவைப் படம் பிடித்ததும் இதே கம்பெனியின் சின்ன குவார்ட்ஸ் கருவியில்தான். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. படித்தபோது எங்கள் பேராசிரியர் இதைச் சொல்லிச் சொல்லியே என் மனசில் ஏற்றிவிட்டார். ஏல விளம்பரத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் என்னால் விட முடியவில்லை.

ஜோஹானஸ்பர்க்குக் கிழக்கே மூடப்பட்ட ஒரு சுரங்கத்தின் பரிசோதனைக்கூடச் சாமான்கள் ஏலத்துக்கு வந்திருந்தன. தங்கத்தில் வெள்ளி, செம்பு, ஈயம் என்று என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க ஒரு காலத்தில் இந்தக் கருவிகள்தான். 1955-இல் ஆலன் வால்ஷ் அணு உட்கவர் முறையை (அணுக்கள் உறிஞ்சும் ஒளியை அளப்பது) கொண்டுவந்தார், அப்புறம் பிளாஸ்மா கருவிகள் வந்தன, இவை ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டன. ஏலம் 6,500 ராண்டில் முடிந்தது. மலிவுதானே என்று நினைத்தேன். அதன்மேல் ஏலக்காரர் கமிஷன் 10 சதவீதம், மொத்தத்துக்கும் 15 சதவீதம் வாட். கடைசியில் கட்டியது 8,222 ராண்ட் 50 சென்ட். விலை கேட்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், ஏல நிபந்தனையில் இருக்கும் ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற சொல். தென்னாப்பிரிக்காவில் வீடு, கார் வாங்கியவர்களுக்குத் தெரியும்: இருக்கிற நிலையில் எடுத்துக்கொள், குறையிருந்தால் எங்களிடம் வராதே என்று பொருள். வாங்கியது முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

முழுசாக இல்லை. என் லாட்டில் (ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடும் சாமான் தொகுதியில்) இருந்தது கருவியின் பெரிய வார்ப்பிரும்பு உடலும், மின்பொறி மூட்டும் ஒரு பழைய ஸ்டாண்டும்தான். தட்டை மாட்டும் கேசட், பிளவின் முன்னால் செருகும் பித்தளைத் துண்டு, பழைய தட்டுகள் இருந்த மரப்பெட்டி மூன்றும் பக்கத்து அலமாரியில் இருந்தன. அந்த அலமாரி வேறொரு லாட். அதை எடுத்தவர் பழைய இரும்பு வியாபாரி. ஏலக்காரரிடம் கேட்டேன், விளம்பரத்தில் கேசட் என்று போட்டிருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். சரி என்று வியாபாரியிடமே போய் நின்றேன். எனக்கு அது எவ்வளவு அவசியம் என்று என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேசட்டுக்கும் துண்டுக்கும் 900 ராண்ட் வாங்கினார். மரப்பெட்டியைச் சும்மா கொடுத்தார். உள்ளே பயன்படுத்தி முடித்த கண்ணாடித் தட்டுகள்தானே, குப்பை என்றார். அந்தக் குப்பைதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. உடல் எத்தனை பளபளப்பாக இருந்தாலும் இந்த மூன்றும் எங்கே என்று கேட்காமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள். கேசட் சாதாரணப் பெட்டி இல்லை. குவார்ட்ஸ் லென்ஸ் எல்லா நிறங்களையும் ஒரே தூரத்தில் குவிக்காது. அதனால் தட்டு நன்றாகச் சாய்ந்தும், லேசாக வளைந்தும் நிற்க வேண்டும். அந்த வளைவு கேசட்டில்தான் இருக்கிறது. புதிதாகச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை.

அடுத்தது வண்டி. ஜோஹானஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு என்-3 சாலையில் 570 கிலோமீட்டர் சொச்சம், நடுவில் வான் ரீனன் கணவாய் இறக்கம். ஐந்தடி நீளத்தில், தூக்க நாலு ஆள் வேண்டிய இரும்பு அது. வீட்டுச் சாமான் ஏற்றும் ஒருவர் 4,200 ராண்டுக்கு ஒப்புக்கொண்டார். பியானோவே ஏற்றியிருக்கிறேன் மேடம் என்றார். பிளவு இருக்கும் முனையில் பட்டை மாட்டி இழுத்துக் கட்டியிருக்கிறார். இறக்கும்போது பிளவின் அகலத்தைத் திருகும் மைக்ரோமீட்டர் உருளை வளைந்திருந்தது, பிளவின் இரண்டு பக்கமும் இருக்கும் தாடைத் தகடுகளில் ஒன்றில் சின்னதாக ஒரு வெட்டு. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நஷ்ட ஈடு கேட்டதற்கு, ஏற்றும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார். என்னிடம் ஏற்றுவதற்கு முன் எடுத்த படம் எதுவும் இல்லாததால் வாயடைத்துப் போனேன். ஆகவே ஏற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், வண்டிக்காரர் கண் முன்னாலேயே எடுங்கள். பிளவைக் கழற்றி, துணியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். லென்ஸ் தூரம், தட்டின் சாய்வு, முப்பட்டக மேசையின் கோணம் என்று எங்கெல்லாம் அளவுகோல் பொறித்திருக்கிறதோ அத்தனை எண்களையும் எழுதிக்கொண்ட பிறகே ஒரு திருகைத் தொடுங்கள். இதை மட்டும் நான் செய்திருந்தேன். பள்ளிக் கூடத்தில் ஆய்வகம் நடத்தும் பழக்கம் கைகொடுத்தது.

முப்பட்டகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குவார்ட்ஸ் படிகம் ஒளி அதிரும் தளத்தைத் திருப்பிவிடும், ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரியும். அதைத் தவிர்க்க வலஞ்சுழிப் படிகத்தில் பாதி, இடஞ்சுழிப் படிகத்தில் பாதி வெட்டி, முதுகோடு முதுகு சேர்த்து ஒரே முப்பட்டகமாக்கினார் பிரான்ஸின் கார்னு. நடுவில் ஒரு கோடு தெரிவது விரிசல் இல்லை, அந்த ஒட்டு. எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் அதைப் பார்த்ததும் உடைந்துவிட்டது என்று நகத்தால் நெம்பப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன்.

லென்ஸ்களை நானே கழற்ற பயமாக இருந்தது. டர்பன் ஈரக்காற்றில் பூஞ்சை வராத கண்ணாடி இல்லை, சுரங்கத் தூசியும் சேர்ந்து மங்கலாக இருந்தன. நகரத்தில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். 1,800 ராண்ட் வாங்கிக்கொண்டு பளிச்சென்று துடைத்துத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மாதக்கணக்கில் இழுத்த அந்தச் சிக்கல் ஆரம்பித்தது. ஆனால் அதைச் சொல்லும் முன் ஃபிலிம் கதையைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கருவிக்கான கண்ணாடித் தட்டுகள் இப்போது கடையில் கிடைப்பதில்லை. நான் போய் நின்றது எக்ஸ்ரே ஃபிலிமில். 10-க்கு 12 அங்குல ஃபிலிமை மூன்றாக வெட்டினால் 10-க்கு 4, கேசட்டில் கச்சிதமாக உட்காரும். மருத்துவமனைகள் டிஜிட்டலுக்குப் போய்விட்டதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். பச்சைக்கு உணர்வுள்ள வகை கேளுங்கள். நீல வகையில் பச்சைக் கோடுகள் விழாது. இரண்டுமே அடர் சிவப்பு விளக்கில் வெட்டலாம், கழுவலாம். பிரச்சினை என்னவென்றால் எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு. தட்டு சாய்ந்து நிற்பதால் ஒளி சரிவாக விழுகிறது. முன்பக்கம் ஒரு கோடு, பின்பக்கம் கொஞ்சம் தள்ளி அதன் நிழல். ஒவ்வொரு கோடும் இரட்டையாக வந்தபோது முப்பட்டகம்தான் போய்விட்டது என்று நினைத்து அழுதேவிட்டேன். வழி சுலபமானது: கழுவி, படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ கரைசலில் போட்டு எடுத்து, காய்ந்த பிறகு முன்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு கண்ணாடியில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். மேலே தெரியும் பின்பக்கத்தில் ஜிக் (வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச்) தடவினால் பூச்சு கரைந்து வந்துவிடும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மேமோகிராஃபி ஃபிலிம் கிடைத்தால் இந்த வேலையே இல்லை, அதற்கு ஒரு பக்கம்தான் பூச்சு. ஃபிலிம் மெல்லியது என்பதால் பின்னால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு கொடுத்தால்தான் கேசட்டின் வளைவில் ஒட்டி நிற்கும்.

இருட்டறையாக நான் வைத்திருந்தது வேலைக்காரர்களுக்கென்று கட்டிய வெளிப்புறக் குளியலறை. லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, உச்சத்தில் இருந்த காலம். கரண்ட் போனால் இருட்டறைக்கு என்ன கவலை என்று தோன்றும். போவது பிரச்சினை இல்லை, வருவதுதான். கரண்ட் இல்லாத நேரத்தில் யாரோ சுவிட்சைத் தட்டிப் பார்த்து அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் டிரேயில் ஃபிலிமை ஆட்டிக்கொண்டிருக்கும்போது பளீரென்று வெள்ளை விளக்கு எரிந்தது. அந்த ஃபிலிமும் போச்சு, மூடாமல் வைத்திருந்த பெட்டியும் போச்சு. இருட்டறையில் வெள்ளை பல்பையே கழற்றி வைத்துவிடுங்கள்.

இப்போது ஒளி மூலம். கண்ணைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான். கோடுகள் எங்கே விழுகின்றன என்று தெரிந்துகொள்ள மெர்க்குரி விளக்கு நல்லது. 253.7, 365.0, 404.7, 435.8, 546.1 நானோமீட்டர் என்று எல்லாருக்கும் தெரிந்த கோடுகள். கொரோனாவுக்குப் பிறகு கிருமி கொல்லும் விளக்குகள் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன, அதில் ஒன்றை வாங்கினேன். விற்றவர் சாதாரண மூக்குக்கண்ணாடி போதும் என்றார். கண்ணாடி முன்பக்கம் தடுக்கும், உண்மைதான். பக்கவாட்டில், சுவரில் பட்டுத் திரும்பி வருவதை யார் தடுப்பது? அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும். நடுராத்திரியில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரிச்சல், திறக்க முடியவில்லை, தண்ணீர் கொட்டுகிறது. பக்கத்து வீட்டு அங்கிள்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வெல்டிங் செய்கிறவர்களுக்கு வருவது இதுதான் என்றார் டாக்டர். இரண்டு மூன்று நாளில் சரியானது, ஆனால் அந்த ராத்திரியின் பயம் போகவில்லை. விளக்கை எல்லாப் பக்கமும் மூடிய தகரப் பெட்டிக்குள் வைத்து, பிளவுக்கு நேராக ஒரே ஓட்டை விடுங்கள். முகம் முழுவதும் மறைக்கும் கவசம் போடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி அந்த லென்ஸ் சிக்கல். கண் சரியான பிறகு எடுத்த மெர்க்குரிப் படங்கள் எதுவும் தேறவில்லை. நடுவில் கூர்மை, இரண்டு முனையும் புகைமூட்டம். சாய்வை மாற்றினால் ஒரு முனை தெளியும், மற்றது கெடும். நான் எழுதி வைத்த எண்களிலேயே எல்லாம் நின்றன, ஆனாலும் சரிவரவில்லை. விற்றுவிடலாம் என்று நினைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரப்பெட்டியைத் திறந்து தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் மையில் தேதியும் மாதிரி எண்ணும் எழுதியிருந்தார்கள். பெரும்பாலானவை இரும்பு நிறமாலையோடு சேர்ந்த மாதிரிகள். ஒன்றில் மட்டும் மெர்க்குரி. அதை என் ஃபிலிமின் மேல் வைத்து லூப் என்ற சின்ன உருப்பெருக்கியில் பார்த்தேன். 435.8 கோட்டை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால் 253.7 பொருந்தவில்லை, தள்ளி நின்றது. பழைய தட்டில் முனை வரைக்கும் கோடுகள் கத்திமுனையாக இருந்தன. எண்கள் அதே, தட்டும் அதே இடத்தில், அப்படியானால் மாறியது லென்ஸ் மட்டும்தான். கழற்றிப் பார்த்தேன். தட்டுப் பக்க லென்ஸை அந்தப் பழுதுபார்ப்பவர் முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தார். திருப்பிப் போட்டேன். அடுத்த படத்தில் 253.7 கோடு பழைய தட்டின் கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது. எனக்குக் கை நடுங்கியது.

எந்தக் கருவியோடும் வரும் பழைய தட்டுகளை விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அந்தக் கருவி சரியாக இருந்தபோது எப்படிப் பார்த்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. கையேட்டில் பொதுவான எண்கள்தான் இருக்கும், தட்டில் உங்கள் கருவியே கையெழுத்துப் போட்டிருக்கிறது.

படங்களில் இன்னொரு குறையும் இருந்தது. நிறமாலையின் நீளவாக்கில் முழுக்க மெல்லிய வெள்ளைக் கீற்றுகள். அது பிளவில் உள்ள தூசி. தீக்குச்சியை ஆப்பாகச் சீவி, தாடைகளை லேசாக நெருக்கி, ஒரே திசையில் ஒரு இழுப்பு இழுத்தால் பெரும்பாலும் போய்விடும். துணியோ ஊசியோ வேண்டாம். தாடைகளை அழுத்தி மூடவும் வேண்டாம். எனக்கு ஒரே ஒரு கீற்று மட்டும் போகவில்லை, அது வண்டியில் விழுந்த வெட்டு. அந்த உயரத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பயன்படுத்துகிறேன்.

உலோகத்தை எரிக்க மின்பொறி வேண்டும். அதற்கென்று என் லாட்டோடு வந்த அந்தப் பழைய ஆர்க் ஸ்டாண்ட் என்னிடம் இருந்தது. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஒரு தம்பி தொழிற்கல்லூரியில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறார், கோயிலில் பழக்கம். பார்த்ததுமே, “அக்கா, அதைத் தொடவே வேணாம். கம்பி எல்லாம் திறந்து கிடக்கு. அந்த வெள்ளை போர்டு என்ன போர்டுன்னு நெனைக்கிறீங்க?” என்றார். ஆஸ்பெஸ்டாஸ். தென்னாப்பிரிக்காவில் 2008-இல் தடை செய்தார்கள், ஆனால் பழைய ஆய்வகச் சாமான்களில் இன்னும் இருக்கிறது. அதை உடைக்காமல், சுரண்டாமல், உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைத்தோம். அதற்கும் செலவுதான். அவரே தகடு அடித்து ஒரு மூடிய பெட்டி செய்து, புகையை வெளியே தள்ளும் விசிறி வைத்து, தன் சின்ன வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்து பொறியை மூட்டினார். நான் கேசட்டோடு மட்டும் நின்றேன். மின்சாரத்தில் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையை இப்படி ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

பித்தளையில் ஈயம் கலந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தது ஆச்சியின் குத்துவிளக்கில் உடைந்து போன ஒரு முகம், கூடவே க்ரே ஸ்ட்ரீட்டில் வாங்கிய புது விளக்கிலிருந்து ஒரு துணுக்கு. இங்கேதான் அந்த 900 ராண்ட் பித்தளைத் துண்டு வேலைக்கு வந்தது. ஹார்ட்மன் தடுப்பு என்பார்கள். படிப்படியாக ஓட்டைகள், ஒவ்வொன்றும் பிளவின் வேறு வேறு உயரத்தைத் திறக்கும். ஃபிலிமை அசைக்காமல் மேலே இரும்பு, நடுவில் ஆச்சியின் விளக்கு, கீழே புது விளக்கு என்று மூன்றையும் ஒட்டி ஒட்டிப் பதியலாம். ஃபிலிமை நகர்த்தி எடுத்தால் மயிரிழை தள்ளினாலும் ஒப்பீடு போய்விடும். இரும்பு எதற்கு என்றால் அதற்கு ஆயிரக்கணக்கில் கோடுகள், அத்தனைக்கும் அலைநீளம் தெரியும், அதுவே அளவுகோல். லூப்பில் பார்த்தால் இரண்டு விளக்கிலும் செம்பின் பச்சைக் கோடுகள் 510.6, 515.3, 521.8, அதற்கு இடப்பக்கம் துத்தநாகத்தின் 468.0, 472.2, 481.1. பித்தளை என்றால் இந்த இரண்டு மும்மூர்த்திகளும் இருந்தே ஆகவேண்டும். அப்புறம் மேலே இரும்பின் 404.6, 406.4 கோடுகளுக்கு இடையில் வெறும் இடம். அதற்கு நேர் கீழே, ஆச்சியின் விளக்கில் கருப்பாக ஒரு கோடு: ஈயம், 405.8. புது விளக்கிலும் இருந்தது, மங்கலாக. இவ்வளவு சதவீதம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அதற்கு அளவு தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். ஈயம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்தது.

இப்போது கருவியைத் தடித்த துணியால் மூடி, லென்ஸ், முப்பட்டகம் பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறேன். டர்பன் கோடையில் அதை அடிக்கடி அடுப்பில் வறுத்து மாற்ற வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், உள்ளேயே வேர்க்கும். மரப்பெட்டித் தட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். இதே மீடியம் மாடல் வைத்திருப்பவர்கள் கேட்டால் அந்த மெர்க்குரித் தட்டின் படத்தை முதலில் அனுப்புகிறேன். கருவிக்குக் கருவி சிறு வித்தியாசம் இருக்கும், இருந்தாலும் லென்ஸ் திரும்பியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது போதும்.